ஒரு ஷட்டருக்கு இரண்டு பூட்டு

பாத்திரக்கடை வேலை என்பது நாள் முழுக்கத் தன் முகத்தையே பல கோணத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. குடத்தில் பார்த்தால் முகம் உப்பியிருக்கும். தாம்பாளத்தில் பார்த்தால் அகலமாய்க் கிடக்கும். கரண்டியில் தலைகீழாகத் தொங்கும். மத்தியானம் ஆள் வராத நேரத்தில், தெருவில் அடிக்கிற வெயில் உள்ளே வந்து பித்தளை வரிசையில் பட்டு, அங்கிருந்து எவர்சில்வர் வரிசைக்குத் தாவி, கடை முழுக்க ஊருணித் தண்ணீர் மாதிரி தளதளவென்று ஆடும். அந்த நேரத்தில் நின்றபடியே கனவு காணப் பழகாதவன் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டான்.

என் பெயர் ராசு. ஊர் நாச்சியாபுரம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காரைக்குடியில் ஒரே கடையில் நின்று தலை நரைத்தவன். எங்கள் பக்கம் செட்டியார் வீட்டுக் கல்யாணம் என்றால், பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரங்களை எல்லாம் வீட்டுக்குள் வரிசை வரிசையாக வைத்துச் சொந்தபந்தங்களுக்குக் காட்டுவார்கள். அதற்குச் சாமான் பரப்புவது என்று பெயர். விற்பதோடு எங்கள் வேலை முடியாது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் பரப்பியும் கொடுக்க வேண்டும். அதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. கூட ஒருவன் வேண்டும். கடையிலோ ஆபீசிலோ பிடிக்காத ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அப்படி வாய்த்தவன் பெயர் பாண்டி.

சாவி போன காலை

பாண்டி ஒக்கூர்க்காரன். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவன். அண்டாவை எப்படி இடுப்புக்குக் கொண்டுவந்து தூக்குவது, தூக்குச்சட்டிகளை எப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அடுக்குவது என்று அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் அவன் கடைக்குப் பின்தெருவிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடும்பத்தோடு வந்துவிட்டான். நான் நாச்சியாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

பெரிய முதலாளிக்கு முழங்கால் வலி வந்து, காலையில் வந்து கடை திறக்க முடியாமல் போனது. சாவி யார் கைக்கு வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று வெளுத்த வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். முதலாளி சாவியைப் பாண்டி கையில் கொடுத்தார். "உனக்குப் பஸ் லேட்டானா கடையும் லேட்டாகும் ராசு" என்றார். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அந்தப் பஸ் என்னை ஒரு நாள்கூட லேட்டாகக் கொண்டுவந்து விட்டதில்லை. இதை யாராவது கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன். நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள்.

மறுநாள் நான் போனபோது கடை திறந்திருந்தது. பாண்டி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். நல்லதுக்குச் சொன்னானா, குத்திச் சொன்னானா என்று அன்றிலிருந்து புரட்டிப் பார்க்கிறேன். குடத்தில் தெரிகிற முகம் மாதிரி அது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு விதமாகத் தெரிகிறது. அவன் சொன்னது இதுதான்: "இனிமே நீங்க மெதுவா வாங்கண்ணே, கதவு தொறந்துதான கெடக்கும்."

செல்வி வழியாக

அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. அவன் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தான். அவன் பேசும்போதெல்லாம் எனக்குத் துடைக்க ஒரு குடம் இருந்தது. பிறகு அவனும் விட்டுவிட்டான். ஆனால் வியாபாரம் நடக்க வேண்டுமே. அதற்குத்தான் பில் போடுகிற செல்வி இருந்தாள். "செல்வி, அங்குட்டு ஏணி மேல நிக்கிற ஆளுகிட்டச் சொல்லு, பெரிய அண்டா கேக்குறாக" என்பேன். ஏணி எனக்குக் கை எட்டுகிற தூரத்தில்தான் இருக்கும். செல்வி பில்லிலிருந்து தலையைத் தூக்காமல், "பாண்டிண்ணே, பெரிய அண்டாவாம்" என்பாள். மேலேயிருந்து குரல் வரும்: "செல்வி, கீழ நிக்கிறவுகளக் கையை நீட்டச் சொல்லு." நான் கையை நீட்டுவேன். அண்டா பதமாக இறங்கும்.

விசாலாட்சி ஆச்சி என்று எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அவள் கல்யாணத்துக்கென்று ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்தவர். ஒரு நாள் எங்கள் நடுவில் நின்றுகொண்டு, என் வாயிலிருந்து செல்விக்கும், செல்வியிடமிருந்து ஏணிக்கும், ஏணியிலிருந்து மறுபடி செல்விக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து வலித்திருக்க வேண்டும். அண்டாவைத் தட்டிப் பார்த்தார். அதன் சத்தம் அடங்க வெகு நேரமானது. அடங்கியதும் என்னைக் கேட்டார்: "ஏப்பா, நீங்க ரெண்டு பேரும் எப்பச் சம்பந்தி ஆனீக?"

விளக்கு இல்லாத வரிசை

நாட்டரசன்கோட்டையில் ஒரு வீட்டுக்குச் சாமான் பரப்பப் போயிருந்தோம். பெரிய கூடம். மேலே வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பச்சையும் சிவப்புமாகத் தரையில் விழுந்து கிடந்தது. நடுவில் குத்துவிளக்குக்கு இடம் விட்டு, இரண்டு ஓரத்திலிருந்தும் பெரிய சாமானில் தொடங்கிச் சின்னச் சாமானில் வந்து முடிப்பது எங்கள் வழக்கம். நான் இந்த ஓரத்திலிருந்து வந்தேன். அவன் அந்த ஓரத்திலிருந்து வந்தான். அண்டா, குடம், தவலை, தூக்கு, செம்பு, டம்ளர் என்று வரிசை இறங்கி வர, அந்தப் பச்சையும் சிவப்பும் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஏறி உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் படி இறங்குகிற குளத்துக்குள் நான் நடந்து போகிற மாதிரி இருந்தது. அப்படியே போய் நடுவில் நின்றேன். எதிரே அவன் நின்றான். எங்களுக்கு நடுவில் விளக்கு வைக்கிற இடம் வெறுமையாக இருந்தது.

விளக்கு, கடையில் பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி வைத்திருக்கிறவன்தானே எடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். விளக்கை எப்போதும் மூத்தவர்தான் கையில் கொண்டுவருவார் என்று அவன் நினைத்திருக்கிறான். செல்வி அன்று லீவு. சொல்லிவிட ஆள் இல்லாமல் இரண்டு பேர் வார்த்தையும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. இரண்டு பேரும் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு, அடுத்தவன் போய் எடுத்து வருவான் என்று நின்றோம். விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், சாமி அறையிலிருந்த தங்கள் வீட்டு விளக்கையே தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். தலை நிமிர்ந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வெளக்கு வரலேன்னா விடுங்க, அதான் கொண்டுவந்த ரெண்டு பேரும் எரிஞ்சுக்கிட்டு நிக்கிறீகளே."

மெய்யம்மை ஆச்சி கேட்டது

அதற்குள் பெரிய முதலாளி கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவர் மகள் மெய்யம்மை ஆச்சி, சென்னையில் ஏதோ கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டுக் கடையைப் பார்க்க வந்திருந்தார். வயதில் என் மகளைவிடச் சின்னவர். ஆனாலும் செட்டியார் வீட்டுப் பெண்களை நாங்கள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். விளக்கு விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. திட்டாத முதலாளியிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கடை ஆட்களை எல்லாம் உட்கார வைத்துச் சொன்னார். தேவகோட்டையில் இன்னொரு கடை திறக்கப் போகிறோம். அந்தக் கடையின் பொறுப்பும் சாவியும் இங்கே இருக்கிற ஒருவருக்குக் கொடுக்கத்தான் ஆசை. அதற்கு முன்னால் எல்லோருக்கும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் லீடர்ஷிப் கிளாஸ் நடக்கும். அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்வேன். சரிப்பட்டு வரவில்லை என்றால் மதுரையிலிருந்து ஒரு மேனேஜரைப் போட்டுக்கொள்வேன். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேலையை விட்டு வீட்டில் உட்காருவதற்கு முன்னால் ஒரு கடையை என் கையால் திறக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது. "எங்க ரெண்டு பேர்ல யாருன்னு ஆச்சிக்கே தெரியுமே" என்றேன், தெரியட்டும் என்று. அவர் சிரித்தார். "சாமான் தெரிஞ்சவுக ரெண்டு பேர் இருக்கீகன்னு தெரியும் ராசுண்ணே, ஆளுகளை நடத்தத் தெரிஞ்சவுக யாருன்னுதான் எனக்குத் தெரியல."

கண்ணை மூடச் சொன்னார்

கிளாஸ் நடந்தது ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டில். தரை அப்படிக் குளிர்ந்து கிடந்தது. முற்றத்து வெயில் தூண் தூணாக இறங்கிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து வந்த பயிற்சி சார் நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல் பேசினார். "ரெண்டு பேருக்குள்ள மனஸ்தாபம்னா, முதல்ல பேசுறவர்தான் லீடர்" என்றார். நான் அதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். சாவி அவனிடம்தானே இருக்கிறது, லீடர் அவன்தானே, அவனே பேசட்டும் என்று முடிவுக்கு வந்தேன். பிறகு எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். இன்னும் ஐந்து வருஷம் கழித்து நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மனதுக்குள் பாருங்கள் என்றார்.

மூடிய கண் மூடியதுதான். ஒரு பெரிய ஷட்டருக்கு முன்னால் நிற்கிறேன். கையில் சாவி, அதுவும் பித்தளையில், ஒரு முழ நீளம். திறந்தால் உள்ளே கடை இல்லை. தண்ணீர். கண்ணுக்கு எட்டியவரை கண்மாய். அதில் எங்கள் கடைச் சாமான் எல்லாம் மிதக்கிறது. அண்டாக்கள் மெதுவாகச் சுற்றுகின்றன. குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு டங், டங் என்று பேசுகின்றன. ஒரு அண்டாவுக்குள் பாண்டி உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறான். கையை நீட்டினால் பிடித்துவிடலாம். செல்வி எங்கே என்று தேடுகிறேன், அவனிடம் சொல்லச் சொல்வதற்கு. அப்போது யாரோ தோளைத் தட்டினார்கள். பயிற்சி சார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். "சாவி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்துப் பாண்டியைக் கேட்டார். அவன் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டான். கடை திறக்க வேண்டும் என்பதற்காக எங்கும் தங்கப் போக முடிந்ததில்லை என்றான். அக்கா மகள் கல்யாணத்துக்கே தாலி கட்டியதும் சாப்பிடாமல் ஓடி வந்தேன் என்றான். நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். கண்ணை மூடினால் என்ன தெரிந்தது என்று சார் திரும்பக் கேட்டார். அவன் சொன்னான்: "வீட்டுல படுத்திருக்கேன் சார், நல்லா விடிஞ்சிருச்சு, வேற யாரோ கடையத் தொறக்குற சத்தம் கேக்குது."

வாய் திறக்கக் கூடாது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி வைத்தார். இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டும். ஒரு குவியல் சாமானை, வாய் திறக்காமல், சைகையும் காட்டாமல், சேர்ந்து ஒழுங்காக அடுக்க வேண்டும். ஜோடி போட்டது மெய்யம்மை ஆச்சி. என்னையும் பாண்டியையும்தான் சேர்த்தார். மற்ற ஜோடிகள் எல்லாம் நல்ல சிநேகிதர்கள். அதனாலேயே அவர்களுக்கு வாய் நிற்கவில்லை. "ஏய், அது இங்குட்டு" என்று ஒருவன் சொல்லித் தோற்றான். இன்னொரு ஜோடி ஒரே செம்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சிரித்தே தோற்றது.

நாங்கள் தொடங்கினோம். அவன் தோள் லேசாகச் சாய்ந்தால் பெரியதை எடுக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். நான் மூச்சை இழுத்தால் தூக்கப் போகிறேன் என்று அவனுக்குத் தெரியும். என் கை போகிற இடத்தில் அவன் கை ஏற்கெனவே விலகியிருந்தது. ஒரு பாத்திரம் இன்னொன்றோடு இடிக்கவில்லை. அந்தக் கூடமே அமைதியாகிவிட்டது. முற்றத்தில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு யார்மேலும் எதுவும் இல்லை. கைகள் மட்டும் தண்ணீருக்குள் போவது மாதிரி போய் வந்துகொண்டிருந்தன. முடித்து நிமிர்ந்தபோதுதான் எதிரே நிற்பது அவன் என்பது ஞாபகம் வந்தது.

பயிற்சி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஊரில் கிளாஸ் எடுத்தேன், இப்படி ஒரு டீமைப் பார்த்ததில்லை, இந்த அளவுக்குப் புரிதல் எப்படி வந்தது என்று எங்களைக் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். பின்வரிசையிலிருந்து செல்வி பதில் சொன்னாள்: "அவுகளுக்கு இது போட்டி இல்ல சார், வருசக்கணக்கா தெனமும் இதத்தான் செஞ்சுக்கிட்டு இருக்காக."

நல்லதாக மூன்று

கடைசிக் கிளாஸில், எதிரே நிற்பவரிடம் அவரைப் பற்றி நல்லதாக மூன்று விஷயம் சொல்ல வேண்டும். பாண்டி என்னைப் பார்த்துச் சட்டென்று சொல்லிவிட்டான். இவர்தான் எனக்கு அண்டா தூக்கக் கற்றுக்கொடுத்தார், இன்றுவரை முதுகு வலி வந்ததில்லை. இவர் பரப்பினால் சாமானில் ஒரு விரல் ரேகை இருக்காது. இவர் வாடிக்கையாளரை ஏமாற்றிப் பார்த்ததில்லை. முகத்துக்கு நேரே புகழ்கிறவனை என்ன செய்வது. என் முறை வந்தது. அவனைப் பார்க்காமல் பயிற்சி சாரைப் பார்த்துக்கொண்டு, "இத்தனை வருசத்துல அந்த ஆளு சாவியத் தொலைச்சதில்ல" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. சார் காத்திருந்து பார்த்தார். இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறதே என்றார். பாண்டிதான் குறுக்கே வந்தான்: "விடுங்க சார், அந்த ஒண்ணே எனக்கு ரொம்ப நாளைக்கு வரும்."

ஆளுக்கு ஒரு சாவி

தேவகோட்டைக் கடை திறந்த அன்று மாவிலைத் தோரணம், பூசை எல்லாம் முடிந்தது. வாசல் அகலம். அதற்கு ஒரே ஷட்டர். தனி ஆளால் தூக்க முடியாத கனம். இடது ஓரத்தில் ஒரு பூட்டு, வலது ஓரத்தில் ஒரு பூட்டு. மெய்யம்மை ஆச்சி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு இரண்டு சாவி வைத்திருந்தார். இடது பூட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எத்தனையோ மத்தியானங்களாக இந்தச் சாவியின் கனத்தை உள்ளங்கையில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் அது ரொம்ப லேசாக இருந்தது. நான் நிமிர்வதற்குள் வலது பூட்டுச் சாவி பாண்டி கைக்குப் போய்விட்டது. காரைக்குடிக் கடையை இனி நானே திறந்துகொள்கிறேன், இந்தக் கடைக்கு நீங்கள் இரண்டு பேரும்தான் பொறுப்பு என்றார் ஆச்சி. பாதிச் சாவி என்று ஒன்று உண்டா என்று அன்று ராத்திரி வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் அதற்குள் தூங்கிவிட்டாள்.

செல்வியும் அங்கே இல்லை. அவள் காரைக்குடியிலேயே தங்கிவிட்டாள். நான் இரண்டு பஸ் மாறி வருவேன், அவன் ஒரு பஸ்ஸில் வருவான். முதலில் வருகிறவன் தன் பூட்டைத் திறந்துவிட்டு நிற்பான். இரண்டாவது ஆள் வந்து தன் பூட்டைத் திறந்ததும், ஒரு பார்வை, ஒரு மூச்சு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தூக்குவோம். பேச்சு கிடையாது. வெயில் உள்ளே பாய்ந்ததும் கடைக்குள் அத்தனை சாமானும் ஒரே நேரத்தில் கண் விழிக்கும். எதிர் டீக்கடைக்காரர் தினமும் இதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "என்னண்ணே, பொண்ணும் மாப்பிள்ளையும் கால்ல விழுந்து எந்திரிக்கிற மாதிரி ரெண்டு பேரும் ஒண்ணாவே குனிஞ்சு ஒண்ணாவே நிமிர்றீக?"

போனில் முதல் வார்த்தை

விசாலாட்சி ஆச்சி மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. சேர்த்து வைத்தது போக மிச்சச் சாமான் எல்லாம் எங்கள் தேவகோட்டைக் கடையில் எடுத்து வைத்திருந்தது. ராகு காலம் பிறப்பதற்குள் வண்டியில் ஏற வேண்டும். ஆச்சி குட்டியானை வண்டியோடு காலையிலேயே வந்துவிட்டார். என் பூட்டைத் திறந்துவிட்டு நின்றேன். பாண்டி வரவில்லை. ஆச்சி கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பூட்டை உடைக்கலாமா என்று வண்டி டிரைவர் கேட்டார். கல்யாணச் சாமான் பூட்டை உடைத்துக்கொண்டா வெளியே வரும். அவன் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. செல்விக்குப் போன் போட்டு, அந்த ஆளை எங்கே என்று கேட்டுச் சொல் என்றேன். "நம்பர் தாரேன் ராசுண்ணே. கேக்குறது நீங்க கேளுங்க" என்று சொல்லி நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

என்றைக்காவது அவனிடம் பேச நேர்ந்தால் என்ன பேசுவது என்று எத்தனையோ மத்தியானங்களில் ஒத்திகை பார்த்திருந்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள். அவன் போனை எடுத்ததும் எல்லாம் போய்விட்டது. "எங்க நிக்கிற?" என்றேன். அந்தப் பக்கம் பஸ் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணே, பஸ் பாதி வழியில நின்னுபோச்சுண்ணே. லேட்டாகும்" என்றான். கேட்டீர்களா. பஸ் லேட்டாகும் என்று யாருக்குச் சாவி கொடுக்கவில்லையோ, அவனிடம் சொல்கிறான். அப்போது ஒரு வாக்கியம் திரும்பி வந்து நாக்கு நுனியில் நின்றது. ஆனால் விசாலாட்சி ஆச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து சேர்த்தவர். "அங்கேயே நில்லு, வண்டியில வாரேன்" என்றேன்.

வண்டி வெயிலுக்குள் போனது. சாலையோரக் கண்மாய் பாத்திரம் மாதிரி மின்னியது. ஒரு புளியமரத்தடியில் பாண்டி நின்றான், சாவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முன்சீட்டில் டிரைவரோடு மூன்று பேர். தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டும். கடைக்கு வந்து வலது பூட்டைத் திறந்தான். ஒரு பார்வை, ஒரு மூச்சு, ஷட்டர் மேலே போனது. உள்ளே பாத்திர வெளிச்சம் தண்ணீராய்த் தளதளத்தது. அவன் தன் சாவியை என்னிடம் நீட்டினான். "இதையும் நீங்களே வச்சுக்கங்கண்ணே. நான் படுத்துத் தூங்கணும்" என்றான். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே பொருள், முழுதாக, என் கைக்கு வந்து நின்றது. பார்த்தேன். "வேணாம். நீயே வச்சுக்க. நாளைக்கு லேட்டானா ஏசுறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றேன். அவன் அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தான். "அண்ணே, அன்னைக்கு வாசல்ல நான் சொன்னது இருக்கே, அது வந்து..." என்று ஆரம்பித்தான். விசாலாட்சி ஆச்சி எங்கள் நடுவில் வந்து நின்றார்: "ஏப்பா, இத்தன வருசம் பேசாம இருந்தீகள்ல, இன்னும் அரை மணி நேரம் பேசாம இருந்து சாமான ஏத்திவிட்டீகன்னா புண்ணியமாப் போகும்."

அன்று அவன் சொல்ல வந்தது என்ன என்று நான் இன்னும் கேட்கவில்லை; கோபத்தை ஒரு பக்கம் இறக்கி வைத்துவிட்டு மறுபக்கம் குனிந்தால் ஷட்டர் எப்படியும் மேலே போய்விடுகிறது என்பதுதான் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் போய் நான் கற்றுக்கொண்டு வந்த லீடர்ஷிப்.